இஞ்சினுக்கு நாள் குறித்த கதை

நமது சங்கத்து வாசகசாலையில் மாலை வேளைகளில் கூடும் பெரியவர்களிடையே சென்ற மார்கழி முதல் வாரத்தில் ஒரு வாக்குவாதம் மூண்டது. ஐரோப்பிய நாடுகளில் 2035 ஆம் ஆண்டு முதல் பெட்ரோல், டீசல் இஞ்சின் பொருத்திய புதிய கார்கள் விற்பனைக்கு வராதபடி முன்னரே சட்டம் செய்திருந்தார்கள் அல்லவா? அச்சட்டத்தைத் தளர்த்தும் யோசனையை 2025 டிசம்பர் 16 ஆம் நாள் ஐரோப்பிய ஆணையம் வெளியிட்டது. அச்செய்தியைப் பத்திரிகையில் கண்ட ஒரு பெரியவர் மனம் குளிர்ந்து போனார். அவருடைய மூத்த குமாரன் ஜெர்மனியில் இஞ்சின் உதிரிப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கிறான். வீடு வாங்கிக் கடன் கட்டிக்கொண்டிருப்பவன். ஆனால் எதிரே அமர்ந்திருந்த மற்றொருவர், ஆராய்ச்சிக் கூடம் ஒன்றில் பல்லாண்டு பணியாற்றி ஓய்வு பெற்றவர், "ஒரு கெடுவை ஒரு முறை தளர்த்தினால் அது பிறகு கெடுவே அல்ல" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பேச்சு முற்றி, கடைசியில் இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். "தம்பி, நீ ரயில்வேக்காரன். எத்தனையோ இஞ்சின்கள் வந்து போன இலாகா உன்னுடையது. ஆண்டு மலருக்கு இதைப் பற்றி நீதான் எழுத வேண்டும்" என்று கட்டளையாயிற்று.

பள்ளி இறுதிப் படிப்போடு நின்றுவிட்ட குமாஸ்தா நான். பொருளாதார நூல்களைப் புரட்டித் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆயினும் பழைய கோப்புகளோடு பழகியவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த உத்தரவைக் கண்டாலும், இதைப் போட்டவர் யார், இதன் செலவு எந்தக் கணக்கில் எழுதப்பட்டது என்ற இரண்டையும் பார்ப்பான். இஞ்சின்களுக்கு நாள் குறித்த வரலாற்றையும் அந்தக் கண்ணோடுதான் நான் படித்தேன்.

எங்கள் இலாகாவிலிருந்தே தொடங்குகிறேன். 1853 ஏப்ரல் 16 ஆம் நாள் பம்பாயிலிருந்து தாணாவுக்கு முதற் பயணிகள் வண்டியை இழுத்துச் சென்றது நீராவி இஞ்சின். நூறாண்டுக்கு மேல் அதுவே ராஜாவாக இருந்தது. ஆனால் அந்த ராஜா பெருந்தீனிக்காரர். அடுப்பில் கொட்டிய நிலக்கரியின் வெப்பத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்கு கூட வண்டியை இழுக்கப் பயன்படுவதில்லை. மீதி எல்லாம் புகைபோக்கி வழியே ஆகாயத்துக்குப் போய்விடும். மின்சார மோட்டாரோ, தனக்குள் வரும் சக்தியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வரையில் சக்கரத்துக்குக் கொடுத்துவிடும். இந்த வேற்றுமை அக்காலத்திலேயே தெரிந்ததுதான். 1925 பிப்ரவரி 3 ஆம் நாள் பம்பாயில் மின்சார ரயில் ஓடிற்று. 1931 இல் நமது சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு ஓடிற்று. தெரிந்த பின்னும் நீராவி இஞ்சினை ஒரே நாளில் எவரும் தள்ளிவிடவில்லை.

வங்காளத்துச் சித்தரஞ்சன் தொழிற்சாலை 1970 இல் அகலப் பாதைக்கான தனது கடைசி நீராவி இஞ்சினைச் செய்து முடித்து, அதற்குக் கடைசி நட்சத்திரம் என்று பொருள்படும் 'அந்திம் சிதாரா' என்ற பெயரைச் சூட்டியது. 1972 இல் மீட்டர் பாதைக்கான கடைசி இஞ்சினும் வெளிவந்தது. அத்துடன் புது நீராவி இஞ்சின் செய்வது நின்றது. ஆனால் அகலப் பாதையில் பயணிகளை இழுக்கும் வழக்கமான வேலையிலிருந்து நீராவி இஞ்சின் ஓய்வு பெற்றது எப்போது தெரியுமா? 1995 டிசம்பர் மாதம், பஞ்சாபில். மீட்டர் பாதையில் இன்னும் சில ஆண்டுகள் இருந்தது. செய்வதை நிறுத்தியதற்கும் ஓட்டுவதை நிறுத்தியதற்கும் இடையே கால் நூற்றாண்டு! இந்த இடைவெளியை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் டில்லிக்கும் ஐரோப்பாவுக்கும் போகும்போது இது நமக்கு வேண்டியிருக்கும்.

என் தந்தையார் நீராவி இஞ்சினில் கரி அள்ளிப் போட்டவர். முன்கையில் சூடுபட்ட தழும்புகள் கடைசி வரை இருந்தன. அவர் பணி முடிந்து வந்த நாட்களில் அம்மா துவைக்கும் நீல உடுப்பிலிருந்து மூன்று தண்ணீர் வரை கறுப்பாகவே போகும். நீராவி எடுபடப் போகிறது என்று பேச்சு வந்தபோது அவருக்குக் கவலை இல்லாமல் இல்லை. ஆனால் இலாகா அவரைப் பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பி, டீசல் இஞ்சினில் உதவியாளராக ஏற்றிவிட்டது. சம்பளம் ஒரு பைசா குறையவில்லை. குறைந்தது பெருமைதான். நீராவியைத் தன் கையால் எழுப்பி வண்டியை நகர்த்திய மனிதர், பொத்தானை அழுத்துகிறவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைச் சிறுமையாகவே எண்ணினார். கொதிகலன் வேலையில் கைதேர்ந்த நண்பர் ஒருவர் வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டபின் தம் வேலையைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார் என்று அப்பா சொல்லுவார். இருந்தாலும் எங்கள் வீட்டு அடுப்பு ஒரு வேளையும் அணையவில்லை. ஏன்? நாள் குறித்தது ரயில்வே, இஞ்சின் ரயில்வேயுடையது, தண்டவாளமும் ஆளும் ரயில்வேயைச் சேர்ந்தவை, செலவும் அதே பெட்டியிலிருந்து போயிற்று. நாள் குறித்தவரும் செலவைத் தாங்கியவரும் ஒருவரே.

இப்படி அமையாத இடங்களில் என்ன நடக்கும் என்பதற்குச் சென்னை டிராம் ஒரு சான்று. 1895 இல் சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. இந்தியாவிலேயே அதுதான் முதலாவது. புகையில்லை, எண்ணெயில்லை. அதை நடத்திய கம்பெனி நஷ்டத்தில் மூழ்கி 1953 ஏப்ரல் 12 ஆம் நாள் கடையை மூடியது. தெருவில் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது எண்ணெய் எரிக்கும் பஸ். மின்சாரத்தை விட்டு எண்ணெய்க்குப் போன அதே உலகம் இன்று எண்ணெயை விட்டு மின்சாரத்துக்குத் திரும்பப் பார்க்கிறது. இதை எண்ணினால் சிரிப்பு வருகிறது. ஆனால் டிராமில் வேலை பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வந்திருக்காது.

இனி டில்லிக்கு வருவோம். நம் நாட்டில் ஓடிக்கொண்டிருந்த வண்டிகளின் இஞ்சினுக்கே நாள் குறித்து, அந்த நாளைப் பற்றி அரசியல்வாதிகளும் விஞ்ஞானிகளும் முதலாளிகளும் நான்காண்டு காலம் வாதாடிய பெரிய வழக்கு அங்கேதான் நடந்தது. ரயில்வே குமாஸ்தாவுக்கு பஸ் விவகாரம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நமது ஹைதராபாத்தில் அரசாங்க பஸ் பிறந்ததே ரயில்வேயின் மடியில்தான். 1932 இல் நிஜாம் ஸ்டேட் ரயில்வே 27 பஸ்களோடு சாலைப் போக்குவரத்துப் பிரிவைத் தொடங்கியது. ஆகவே எனக்கும் சிறிது பாத்தியதை உண்டு.

1985 இல் எம்.சி.மேத்தா என்ற வழக்கறிஞர் டில்லியின் காற்று மாசு பற்றி உச்ச நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்தார். வழக்கு ஆண்டுக்கணக்கில் நகர்ந்தது. 1996 இல் அனில் அகர்வாலின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் வண்டிப் புகையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டது. சிறுகச் சிறுகச் செய்யும் கொலை என்பது அதன் தலைப்பின் பொருள். நகரம் சற்றே விழித்தது. 1998 ஜனவரியில் பூரே லால் என்ற அதிகாரியின் தலைமையில் சுற்றுச்சூழல் மாசுத் தடுப்பு ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் சிபாரிசுகளைக் கொண்டு 1998 ஜூலை 28 ஆம் நாள் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. ஈயம் கலந்த பெட்ரோலை அந்த ஆண்டு செப்டம்பர் முதல் விற்கக் கூடாது. 1990 க்கு முந்திய ஆட்டோக்களும் டாக்ஸிகளும் 2000 மார்ச் 31 க்குள் மாற்றப்பட வேண்டும். எட்டாண்டுக்கு மேற்பட்ட பஸ்கள் எரிவாயுவில் அல்லாமல் ஓடலாகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, நகரத்தின் பஸ்கள் முழுவதும் 2001 மார்ச் 31 க்குள் சி.என்.ஜி. எனப்படும் அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயுவுக்கு மாறிவிட வேண்டும். எரிவாயு நிரப்பும் நிலையங்களை 9 இலிருந்து 80 ஆக உயர்த்தவும், பஸ்களின் எண்ணிக்கையை 10,000 ஆக்கவும் அதே உத்தரவில் கட்டளை இருந்தது.

இந்த எரிவாயு எப்படி வேலை செய்கிறது என்பதைத் தாய்மார்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நாம் அடுக்களையில் வைத்திருக்கும் சிலிண்டர் வாயு வேறு. இது பூமியிலிருந்து வரும் மீத்தேன். காற்றழுத்தத்தைப் போல் சுமார் இருநூறு மடங்கு அழுத்தி, கனமான உருளைகளில் அடைத்து வண்டியில் பொருத்துவார்கள். டீசல் எரியும்போது கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கரித்துகள் கிளம்பி, மூச்சோடு நுரையீரலின் அடிவரை போய்த் தங்கும். குழந்தைகளின் இழுப்புக்கும் முதியோரின் நெஞ்சு நோய்க்கும் அது பெரிய காரணம். மீத்தேனில் அந்தக் கரித்துகள் மிகக் குறைவு. உச்ச நீதிமன்றம் இதைப் பற்றிக்கொண்டு விடாமல் நின்றதற்கு அடிப்படைக் காரணம் இதுதான்.

உத்தரவு நல்ல உத்தரவு. ஆனால் போட்டவர் நீதிமன்றம். செய்ய வேண்டியவர்கள் வேறு. எரிவாயு மத்திய அரசாங்கத்தின் கையில் இருந்தது. பஸ் போக்குவரத்து டில்லி அரசாங்கத்தின் கையில் இருந்தது. மத்தியில் பாரதிய ஜனதா தலைமையிலான கூட்டணி. டில்லியில் 1998 டிசம்பர் முதல் ஷீலா தீட்சித் தலைமையில் காங்கிரஸ். வாயு போதவில்லை, நிலையங்களுக்கு நிலம் வரவில்லை, பஸ் வாங்க மனு வரவில்லை என்று ஒருவரை ஒருவர் சுட்டிக்கொண்டே ஆண்டுகள் கழிந்தன. நகரத்து பஸ்களில் பெரும்பகுதி தனியாருடையவை. அவர்களில் ஒற்றை பஸ் வைத்துப் பிழைத்தவர்களும் உண்டு. எரிவாயு பஸ்ஸின் விலை டீசல் பஸ்ஸை விடக் கூடுதல். இன்னும் கடன் அடையாத வண்டியை ஓரங்கட்டிவிட்டு அதனினும் விலை கூடிய வண்டியை வாங்கு என்றால் அவன் என்ன செய்வான்? நீதிமன்றம் எப்படியும் கெடுவை நீட்டிவிடும் என்று காத்திருந்தான். அரசாங்கமும் அப்படித்தான் காத்திருந்தது என்பது என் அபிப்பிராயம். நம் நாட்டில் கெடு என்றால் அதற்கடுத்த கெடுவுக்கு முந்தின நாள் என்று பொருள் கொண்டு பழகிவிட்டோம்.

ஆனால் 2001 மார்ச் 26 ஆம் நாள் நீதிமன்றம் எல்லோருக்குமான நீட்டிப்பு கிடையாது என்று கைவிரித்தது. எரிவாயு வண்டிக்கு ஏற்கனவே ஏற்பாடு செய்தவர்களுக்கு மட்டும் செப்டம்பர் வரை சலுகை தந்தது. ஏப்ரல் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான பஸ்கள் தெருவை விட்டு மறைந்தன. மாணவர்களும் தொழிலாளிகளும் நிறுத்தங்களில் மணிக்கணக்கில் நின்றார்கள். கோபம் மிஞ்சிச் சில பஸ்கள் கொளுத்தவும் பட்டன. எரிவாயு நிலையங்களின் வாயிலில் ஆட்டோக்கள் மைல்கணக்கில் வரிசை கட்டி நின்றன. ஓட்டுனர்கள் இரவு முழுதும் வரிசையிலேயே படுத்துறங்கி, காலையில் வாயு பிடித்துக்கொண்டு, பாதி நாள் சவாரியை இழந்தார்கள். காற்றைச் சுத்தப்படுத்தும் செலவின் முதல் தவணையைக் கட்டியவர்கள் அவர்கள்தாம். பெரிய பங்களாவில் டீசல் கார் வைத்திருந்தவருக்கு அன்று ஒரு குறைவும் வரவில்லை.

இதற்கிடையே விஞ்ஞானிகளின் சண்டை வேறு. டாட்டா எரிசக்தி ஆராய்ச்சி நிறுவனம், கந்தகம் மிகக் குறைந்த டீசலே போதும், ஒரே எரிபொருளில் நகரத்தைக் கட்டிப் போட வேண்டாம் என்று வாதாடியது. அகர்வாலின் மையமோ, அவ்வளவு சுத்தமான டீசல் இந்நாட்டில் எங்கே கிடைக்கிறது, எரிவாயுதான் கைக்கெட்டிய வழி என்றது. 2001 செப்டம்பரில் மத்திய அரசாங்கம் டாக்டர் ஆர்.ஏ.மஷேல்கர் தலைமையில் ஒரு குழு அமைத்தது. அவர் அப்போது விஞ்ஞானத் தொழில் ஆராய்ச்சிக் கவுன்சிலின் தலைமை இயக்குனர். நமது தார்நாகாவில் உப்பல் சாலையில் இருக்கும் இந்திய ரசாயனத் தொழில்நுட்பக் கழகமும் அந்தக் கவுன்சிலைச் சேர்ந்ததே. அரசாங்கம் புகையின் அளவுக்கு வரம்பு விதிக்கட்டும், இன்ன எரிபொருள், இன்ன இஞ்சின் என்று கட்டாயப்படுத்த வேண்டாம் என்பது குழுவின் கருத்து. கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. எனினும் வரம்பை மட்டும் விதித்துவிட்டு, அதைச் சோதிக்க ஆளும் கருவியும் இல்லாத இடத்தில், வரம்பு காகிதத்தோடு நின்றுவிடும். எங்கள் அலுவலகச் சுற்றறிக்கைகள் பலவற்றின் கதியும் அதுவே.

நீதிமன்றம் மஷேல்கர் குழுவின் வாதத்தை ஏற்கவில்லை. 2002 ஏப்ரல் 5 ஆம் நாள் நீதிபதி பி.என்.கிர்பால் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. டீசலில் ஓடும் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் நாளொன்றுக்கு 500 ரூபாய் அபராதம். முப்பது நாள் கடந்தால் நாளொன்றுக்கு 1,000 ரூபாய். மே முதல் தேதியிலிருந்து மாதம் 800 டீசல் பஸ்கள் வீதம் அகற்றப்பட வேண்டும். எரிவாயு ஒதுக்கீட்டில் தொழிற்சாலைகளை விடப் போக்குவரத்துக்கு முதலிடம் தரவேண்டும். இப்படி மாதத்துக்கு இவ்வளவு என்று கணக்கு வைத்த பிறகுதான் காரியம் நகர்ந்தது. 2002 டிசம்பருக்குள் டில்லி நகரத்து பஸ்களில் டீசல் பஸ் இல்லாமற் போயிற்று. அந்தப் புது பஸ்களில் நமது எண்ணூர் அசோக் லேலண்டு செய்தவையும் உண்டு என்பதில் நமக்குச் சிறிது மகிழ்ச்சி கொள்ளலாம்.

சரி, டில்லியின் காற்று சுத்தமாகிவிட்டதா என்று கேட்பீர்கள். சில ஆண்டுகள் சற்றே தெளிந்தது. பின்பு மீண்டும் கெட்டது. இன்று கார்த்திகை மாதத்தில் டில்லியிலிருக்கும் உறவினரோடு தொலைபேசியில் பேசினால் இருமல் சத்தந்தான் முதலில் கேட்கிறது. வைக்கோல் எரிப்பு, கட்டடத் தூசி, தொழிற்சாலை எனக் காரணங்கள் பல. ஆனால் இஞ்சின் சம்பந்தமான ஒரு காரணத்தை மட்டும் சொல்லாமல் விட முடியாது. ஏழைகள் ஏறும் பஸ்ஸிலிருந்து டீசலை எடுத்தார்கள். பணக்காரர் ஏறும் காருக்கு அதே டீசல் மலிவு விலையில் கிடைத்துக்கொண்டிருந்தது. பஸ் வாசலை அடைத்துவிட்டுக் கார் வாசலைத் திறந்து வைத்தாற்போல் ஆயிற்று. 2015 டிசம்பரில்தான் 2,000 சி.சி. க்கு மேற்பட்ட பெரிய டீசல் கார்களின் பதிவை டில்லி வட்டாரத்தில் உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. எட்டே மாதத்தில், விலையில் நூற்றுக்கு ஒன்று தீர்வையாகக் கட்டிவிட்டுப் பதிவு செய்துகொள்ளலாம் என்று அந்தத் தடை நீங்கியது.

சமீபத்திய செய்தியும் ஒன்றுண்டு. 2025 ஜூலை முதல் தேதியிலிருந்து, பத்தாண்டு கடந்த டீசல் வண்டிக்கும் பதினைந்தாண்டு கடந்த பெட்ரோல் வண்டிக்கும் டில்லி பங்குகளில் எண்ணெய் ஊற்றக் கூடாதென்றார்கள். இம்முறை அடிபட்டவர்கள் நடுத்தரக் குடும்பத்தினர். கூச்சல் கிளம்பிற்று, சில நாட்களுக்குள் உத்தரவு நிறுத்தி வைக்கப்பட்டது. ஆட்டோக்காரர்கள் இரவெல்லாம் வரிசையில் படுத்துக் கிடந்தபோது இப்படி நின்றதாக ஞாபகமில்லை.

நாடு முழுவதற்குமாக நாள் குறிக்கும் முயற்சியும் நடந்தது. 2030 க்குள் இந்தியாவில் பெட்ரோல், டீசல் கார் ஒன்று கூட விற்பனையாகாத நிலை வரவேண்டும் என்று 2017 இல் அப்போதைய மின்துறை அமைச்சர் பியூஷ் கோயல் பேசினார். மறு ஆண்டே அது நூற்றுக்கு முப்பது பங்கு என்று இளைத்துவிட்டது. 2019 இல் நிதி ஆயோக், 2023 க்குள் ஆட்டோக்களும், 2025 க்குள் 150 சி.சி. வரையிலான இருசக்கர வண்டிகளும் மின்சாரத்துக்கு மாறவேண்டும் என்றது. பஜாஜ் நிறுவனத்தின் ராஜீவ் பஜாஜும் நமது டி.வி.எஸ். நிறுவனத்தின் வேணு சீனிவாசனும் அதை வன்மையாக எதிர்த்தார்கள். அந்த யோசனை சட்டமாகவே இல்லை.

எங்கள் ரயில்வேயிலும் அதே 2017 இல் ஒரு வேடிக்கை நடந்தது. பீகாரில் சரண் மாவட்டத்து மடௌராவில் ஆயிரம் டீசல் இஞ்சின்கள் செய்து தர அமெரிக்க ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியோடு 2015 இல் ஒப்பந்தமாகியிருந்தது. தொழிற்சாலை எழும்பி வரும் வேளையில், பாதைகள் எல்லாம் மின்மயமாகப் போகின்றன, டீசல் எதற்கு என்று ரயில்வே அமைச்சராகப் புதிதாக வந்த கோயல் கேள்வி எழுப்பினார். கேள்வி சரியானதே. ஆனால் கையெழுத்திட்ட ஒப்பந்தம், பீகாரில் கிடைக்கவிருந்த வேலை, வெளிநாட்டு மூலதனத்தின் நம்பிக்கை எல்லாம் குறுக்கே வந்தன. ஒப்பந்தம் நின்றது, மின்மயமும் நடந்தது. 2018 செப்டம்பரில் அகலப் பாதை முழுவதையும் மின்மயமாக்க மத்திய மந்திரிசபை சம்மதித்தது. காசியிலிருந்த டீசல் இஞ்சின் தொழிற்சாலை மின்சார இஞ்சின் செய்யத் தொடங்கி, 2020 இல் தன் பெயரிலிருந்த டீசலையே நீக்கிக்கொண்டது. மடௌராவோ 2025 இல் ஆப்பிரிக்காவிலுள்ள கினி நாட்டுக்கு டீசல் இஞ்சின் ஏற்றுமதி செய்தது. இங்கே விடைபெறும் இஞ்சின் அங்கே வரவேற்கப்படுகிறது. புகை எல்லை பார்ப்பதில்லை என்பது வேறு விஷயம்.

இவ்வளவையும் மனத்தில் கொண்டு ஐரோப்பாவைப் பார்த்தால் அங்கு நடப்பது அவ்வளவு புதிராகத் தோன்றாது. முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்க வேண்டும். 2035 இல் எல்லாப் பெட்ரோல் காரையும் பிடுங்கிவிடுவார்கள் என்று நம்மவர் பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. விற்கும் புதிய கார் ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை கிராம் கரியமில வாயு விடலாம் என்று ஒரு வரம்பு உண்டு. அந்த வரம்பு 2035 இல் பூஜ்யமாக வேண்டும் என்பதே சட்டம். முன்பே வாங்கிய கார் ஓடிக்கொண்டிருக்கலாம். அதாவது, இது சித்தரஞ்சன் வழி, டில்லி வழியல்ல. செய்வதை நிறுத்திவிட்டு, இருப்பதை ஆயுள் தீர ஓடவிடும் முறை.

2015 செப்டம்பரில் ஃபோக்ஸ்வாகன் கம்பெனி டீசல் கார்களின் புகைச் சோதனையில் கணினி மூலம் ஏமாற்றியது அம்பலமாகி உலகமே திகைத்தது. அதன் பிறகு டீசலின் மதிப்பு அங்கே வீழ்ந்தது. 2021 ஜூலையில் ஐரோப்பிய ஆணையம் 2035 யோசனையை முன்வைத்தது. 2023 பிப்ரவரி 14 ஆம் நாள் ஐரோப்பிய நாடாளுமன்றம் 340 க்கு 279 என்ற வாக்கில் நிறைவேற்றியது. இனி நாடுகளின் அமைச்சர்கள் கையெழுத்திட வேண்டியதுதான் பாக்கி என்ற நிலையில், ஜெர்மனி திடீரென்று மறித்தது. அந்நாட்டில் மூன்று கட்சிக் கூட்டாட்சி. போக்குவரத்து அமைச்சர் ஃபோல்கர் விஸ்ஸிங் தாராளவாதக் கட்சிக்காரர். காற்றிலிருந்து பிரித்த கரியமில வாயுவையும் ஹைட்ரஜனையும் சேர்த்துச் செய்யும் செயற்கை எரிபொருளில் ஓடும் இஞ்சினுக்கு இடம் தரவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அதற்கு வாக்குறுதி பெற்ற பின்பே மார்ச் 28 இல் சட்டம் நிறைவேறியது. போலந்து எதிர்த்தது, இத்தாலி, ருமேனியா, பல்கேரியா வாக்களிக்காமல் ஒதுங்கின. ஒதுங்கிய நாடுகள் எவை என்று பாருங்கள்: பழைய கார்களில் பிழைக்கும் ஏழை நாடுகளும், இஞ்சின் தொழிலில் பேர்பெற்ற இத்தாலியும்.

அதன் பின் நிலைமை இறுகியது. சீனத்து மின்சாரக் கார்கள் மலிவாக வந்திறங்கின. 2024 டிசம்பரில் ஃபோக்ஸ்வாகன் தொழிற்சங்கத்தோடு செய்த உடன்பாட்டில், ஜெர்மனியில் 2030 க்குள் 35,000 க்கு மேற்பட்ட வேலைகள் குறையும் என்று எழுதிக் கையெழுத்தாயிற்று. பிரதமர் மெர்ஸ் சட்டத்தைத் தளர்த்தக் கோரினார்; பிரான்ஸும் ஸ்பெயினும் உறுதியாக நில்லுங்கள் என்றன; மின்சாரத்தில் பணத்தைக் கொட்டிவிட்ட ஸ்வீடனின் வோல்வோ, விதியை நடுவில் மாற்றினால் நம்பி முதலிட்டவன் கதி என்ன என்று கேட்டது. கடைசியில் ஆணையம் பூஜ்யத்துக்குப் பதில் நூற்றுக்குத் தொண்ணூறு குறைத்தால் போதும், மீதிப் பத்தைச் சுத்தமான எஃகு, மாற்று எரிபொருள் இவற்றால் ஈடுகட்டலாம் என்று முன்மொழிந்தது. இங்கிலாந்தின் கதை இதனினும் விநோதம். 2040 என்றார்கள், 2030 என்று முன்னே இழுத்தார்கள், 2023 இல் சுனக் 2035 என்று தள்ளினார், பின்வந்த தொழிற்கட்சி அரசு மீண்டும் 2030 க்கே வந்து நின்றது.

நார்வே மட்டும் சொன்னபடி ஏறத்தாழச் செய்து காட்டியது. 2025 ஐ இலக்காக வைத்த அந்நாட்டில் 2024 இல் விற்ற புதிய கார்களில் பத்துக்கு ஒன்பது வரை மின்சாரக் கார்களே. அங்கே தடைச் சட்டம் எதுவும் இல்லை. மின்சாரக் காருக்கு வரி தள்ளுபடி. இஞ்சின் காருக்குக் கடும் வரி. நாள் குறித்த அரசாங்கமே வரி வருமானத்தை இழந்து செலவை ஏற்றது. அந்நாடு கார் செய்வதில்லை. ஆகவே வேலை இழப்போர் அங்கில்லை. அது மட்டுமல்ல, கடலடி எண்ணெய் விற்ற பணம் கஜானாவில் நிறைந்திருக்கிறது. எண்ணெய் விற்று எண்ணெயை விடுவதற்குச் செலவு செய்யும் பாக்கியம் எல்லோருக்கும் வாய்க்குமா?

எங்கள் ஊர் நிலைமையைச் சொல்லி முடிக்கிறேன். 2019 மார்ச்சில் ஹைதராபாத் விமான நிலையத் தடங்களில் 40 மின்சார பஸ்கள் ஓடத் தொடங்கின. பஸ் கம்பெனியுடையது, ஓட்டுனரும் கம்பெனியின் ஆள், போக்குவரத்துக் கழகம் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கொடுக்கும். மத்திய அரசாங்கத் திட்டத்தில் நம் நகரத்துக்கு மேலும் 2,000 மின்சார பஸ்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். கழகத்தின் டீசல் பஸ் ஓட்டுனர்களும் பணிமனை மெக்கானிக்குகளும் இந்த ஏற்பாட்டை என்ன கண்ணோடு பார்க்கிறார்கள் என்பது தார்நாகாவில் வாழும் நமக்குத் தெரியாததல்ல. என் தந்தையாருக்குக் கிடைத்த பயிற்சிப் பள்ளி இவர்களுக்கும் கிடைக்குமா என்பதே அவர்கள் கேட்பது. தெலங்கானா அரசாங்கம் 2024 நவம்பரில் வெளியிட்ட கொள்கையில், 2026 டிசம்பர் 31 வரை பதிவாகும் மின்சார வண்டிகளுக்குச் சாலை வரியும் பதிவுக் கட்டணமும் முழுவதும் தள்ளுபடி. ஆட்டோவும் அதில் சேரும்.

இதை நம் காலனிக் குழந்தைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் ஆட்டோக்காரரிடம் ஒரு நாள் காலையில் சொன்னேன். அவர் வண்டியை நிறுத்திவிட்டு விவரமாகக் கேட்டுக்கொண்டார். புது வண்டியின் விலை, பாட்டரி எத்தனை ஆண்டு வரும், சார்ஜ் ஏற்ற எங்கே இடம் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். எல்லாவற்றையும் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, இந்தப் பழைய வண்டிக்கு இன்னும் பதினான்கு தவணை பாக்கியிருக்கிறது, எல்லோரும் மின்சார வண்டிக்குப் போய்விட்டால் இதை யார் வாங்குவார் என்று கேட்டார். அதற்குள் பள்ளி மணி நெருங்கிவிட்டபடியால் குழந்தைகள் அவசரப்படுத்தவே, வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.